உரக்கடை குமரேசன் வீட்டு டோனர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மின்விசிறி துடைப்பது குமரேசனின் வேலை. வீட்டு வேலைகளில் தன் பங்கு என்று அவர் ஒப்புக்கொண்டது அது ஒன்றைத்தான். அதற்கும் ஆள் வேண்டும். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள அருணாதேவி, ஈரத்துணியை அலசிக் கொடுக்க அருணாதேவி, உதிர்ந்த ஒட்டடையைப் பெருக்கித் தள்ள அருணாதேவி. இறக்கையைத் துடைப்பவர் மட்டும் குமரேசன். முடித்துக் கீழே இறங்கியதும் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்ப்பார். மின்விசிறியைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்று நினைக்கத் தோன்றும்.

அன்று படுக்கையறை விசிறியின் முறை. ஸ்டூல்மேல் நின்றபடி திரும்பியவரின் கண்ணில், பீரோவின் தலையில், பழைய சூட்கேசுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாட்டில் பட்டது. தரையில் நிற்கிற யாருக்கும் தெரியாத இடம். பக்கத்தில் வட்டவட்டமாக வெட்டி அடுக்கிய பஞ்சு ஒரு பொட்டலம்.

"என்னாது இது?"

அருணாதேவி ஸ்டூலிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "டோனர்."

"எந்த மெஷினுக்கு?"

"என் மூஞ்சிக்கு."

குமரேசன் துணியை அவளிடம் போட்டுவிட்டு பாட்டிலோடு இறங்கினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருக்கிறவர் அவர். யூரியா, பொட்டாஷ், பூச்சி மருந்து என்று வாழ்நாளில் பாதியை லேபிள் படித்தே கழித்தவர். எறும்பு வரிசைபோல அச்சடித்த எழுத்தைக்கூட ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துப் படித்துவிடுவார்.

"மொதல்ல போட்டிருக்கறது என்னா தெரியுமா? தண்ணி. எது ஜாஸ்தியோ அதைத்தான் மொதல்ல போடுவான். மிச்சமெல்லாம் வாசனைக்கும் கெடாம இருக்கறதுக்கும்."

"சோப்பு போட்டுக் கழுவினாலும் அழுக்கு நிக்குதாம். இதைப் பஞ்சுல நனைச்சுத் துடைச்சா வந்துடுது. எழிலு காட்டுனா."

எழிலரசி திருவண்ணாமலை வேங்கிக்காலில், அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். ஒரு கல்யாணத்துக்காகப் புருவம் திருத்தப் போன அருணாதேவியின் முகத்தை அவள் பஞ்சால் ஒரு துடை துடைத்து, "பாருங்கக்கா, எவ்ளோ அழுக்கு" என்று காட்டினாளாம். பஞ்சு சாம்பல் நிறத்தில் இருந்ததாம்.

"எந்த எடத்துல துடைச்சா?"

"நெத்தியில."

"அன்னிக்குக் குளிச்சுட்டு நெத்தியில என்னா வச்சுனு போன?"

அருணாதேவி ஒரு கணம் யோசித்தாள். "விபூதி."

"வந்தது அதுதான்."

குமரேசன் சொன்னது உண்மைதான். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திருவண்ணாமலையில் யார் நெற்றியைத் துடைத்தாலும் பஞ்சு சாம்பலாகத்தான் வரும். கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போகிறவர்கூட வழியில் ஒரு பிள்ளையாரைப் பார்த்துப் பூசிக்கொண்டுதான் போகிறார். எழிலரசி இந்தப் பஞ்சு வித்தையை வேறு எந்த ஊரில் காட்டியிருந்தாலும் ஒரு பாட்டில் விற்றிருக்கமாட்டாள். இங்கே அவளுக்கு அலமாரி போதவில்லை.

"சரி, அது விபூதியாவே இருக்கட்டும்," என்றாள் அருணாதேவி. "நீங்க விக்கற டானிக்குல மட்டும் என்னா இருக்குதாம்?"

குமரேசன் கடையில் பயிர் டானிக் என்று ஒன்று விற்பார். பச்சைத் தொப்பி போட்ட பாட்டில். "இதை ஒரு தபா அடிச்சுப் பாருங்க. இல்லன்னா மல்லாட்டையில பூ நிக்காதுங்க" என்று வேர்க்கடலை போட்ட விவசாயியிடம் சொல்லுகிற அதே வாயால், ராத்திரி சாப்பிடும்போது, "கலர் தண்ணி. அதுல ஒரு மண்ணும் கிடையாது" என்று மனைவியிடமும் சொல்வார். இரண்டையும் ஒரே அழுத்தத்தோடு சொல்வார்.

"அது வியாபாரம். இது ஏமாளித்தனம்."

"விக்கறது வியாபாரம், வாங்கறது ஏமாளித்தனமா?"

"அப்படித்தான்."

"சரி," என்றாள் அவள். "அந்த மூலையில ஒட்டடை தொங்குது பாருங்க. விட்டுட்டீங்க."

இந்தச் 'சரி'தான் குமரேசனின் வாழ்க்கைப் பிரச்சினை.

பிறவியிலேயே எதையும் சரியாகச் சொல்லுகிற மனிதர் அவர். கெமிஸ்ட்ரி படித்தவர். முடித்தாரா என்று கேட்டால், "படிச்சேன்" என்பார். தன் கல்யாணத்தில் முகூர்த்தம் தப்பாகக் குறித்திருக்கிறது என்று ஐயரோடு வாதாடியதில் அந்த முகூர்த்தமே கடந்துபோக, அடுத்ததில் தாலி கட்டியவர். குக்கர் எத்தனை விசில் வந்தால் பருப்பு வேகும், கேன் தண்ணீர்க்காரர் கேனை எந்தக் குழாயில் நிரப்புகிறார், கோயிலில் எந்தக் கோபுர வாசல் வழியாகப் போனால் வரிசை கம்மி, எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு உண்டு. ஒருமுறை அப்படிக் கணக்குப் போட்டுக் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போய், மத்தியானம் வரை வெயிலில் நிறுத்திவைத்தார். வெளியே வந்து, "நான் சொன்ன வழிதான் கரெக்ட். இன்னைக்கு ஜனங்க தப்பா வந்துட்டாங்க" என்றார். மகள் கவிநிலா சென்னையில் வேலை தேடிக்கொண்டதற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை.

இவ்வளவு சரியான மனிதருக்கு, கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில், மனைவி ஒருமுறைகூட "நீங்க சொன்னது சரிதான்" என்று சொன்னதில்லை. மறுத்துப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை, மேலும் பத்து உதாரணம் எடுத்து விட்டிருப்பார். அவளோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் "சரி" என்பாள். "சரி, சாப்பிட வாங்க." "சரி, கேஸ் புக் பண்ணிட்டீங்களா?" கடைக்கு வருகிற விவசாயிகூட "நீங்க சொன்னது கரெக்டுதாங்க சார்" என்கிறான். வீட்டில் அந்த ஒரு 'தான்' கிடைக்கவில்லை. வெளியே சொல்லிக்கொள்ளமாட்டார். ஆனால் அது அவருக்குத் தொண்டையில் மாட்டிய மீன் முள்போல இருந்தது. முழுங்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது.

டோனர் விஷயத்தில் அந்தத் 'தானை' வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

யோசனை கடையில் வைத்து வந்தது. பூச்சி மருந்துக் கம்பெனிக்காரர்கள் கிராமத்தில் 'டெமோ பிளாட்' என்று ஒன்று போடுவார்கள். ஒரு துண்டு நிலத்தை எடுத்து அவர்கள் சரக்கை அடிப்பார்கள். பக்கத்துத் துண்டுக்கு வெறும் தண்ணீர். தினமும் போய் இலையைத் திருப்பிப் பார்க்கவேண்டும்: புள்ளி இருக்கிறதா, சுருட்டை இருக்கிறதா, நிறம் ஏறியிருக்கிறதா. அறுவடைக்கு முன்னால் ஊர்க்காரர்களைக் கூட்டிவைத்து முடிவைச் சொல்வார்கள். கம்பெனி போடுகிற டெமோவில் கம்பெனிதான் ஜெயிக்கும், அது வேறு விஷயம். நேர்மையான ஆள் ஒருவர் நேர்மையாக ஒரு டெமோ போட்டால்?

மறுநாள் காலை அருணாதேவி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, குமரேசன் பீரோவின் தலையிலிருந்து பாட்டிலை எடுத்தார். வாஷ்பேசினில் கவிழ்த்தார். அது தண்ணீர் நிறத்திலேயே, கொஞ்சம் நுரையோடு சுழன்று உள்ளே போனது. குழாய்த் தண்ணீர் உப்பு என்பதால் ஃபிரிட்ஜைத் திறந்தார். அந்த ஃபிரிட்ஜில் பாதி அவருடைய அக்கா சந்திரம்மாளுக்குச் சொந்தம். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் அவளுக்கு ஒரு சின்னக் கடை. அவள் வீட்டு ஃபிரிட்ஜ் முழுக்கப் பௌர்ணமிக்கு விற்கிற கூல்டிரிங்க்ஸ். அதனால் வீட்டுக்கான மாவு, முருங்கைக்காய், பிரண்டைத் துவையல் என்று எல்லாவற்றையும் தம்பி வீட்டில் கொண்டுவந்து அடைத்துவிடுவாள். குமரேசன் கையைவிட்டுத் துழாவினார். பின்வரிசையில், லேபிளை உரித்த பெரிய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒன்றில் தெளிந்த தண்ணீர் இருந்தது. அதிலிருந்து டோனர் பாட்டிலை நிரப்பி மூடி, பழைய இடத்தில் பழைய கோணத்தில் வைத்தார்.

உலகத்தில் எல்லா லேபிளையும் படிக்கிறவர், லேபிள் இல்லாத பாட்டிலை ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. முகர்ந்து பார்த்திருக்கலாம். ஆனால் பூச்சி மருந்து மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து அவர் மூக்கு எப்போதோ கடையைக் கட்டிவிட்டிருந்தது. மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றுதான்.

டெமோ ஆரம்பமானது.

அருணாதேவி குளித்துவிட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பஞ்சை நனைத்து முகத்தில் ஒற்றிவிட்டு, டீயோடு ஹாலுக்கு வருவாள். அதுவரை அந்த நேரத்தில் குமரேசனின் முகம் செய்தித்தாளுக்குப் பின்னால் இருக்கும். கை மட்டும் வெளியே வந்து டம்ளரை வாங்கிக்கொள்ளும். இப்போது அவர் பேப்பரை மடித்துப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். நெற்றி, கன்னம், மூக்கின் இரண்டு பக்கம், தாடை. வரிசையாக, ஒன்றையும் விடாமல்.

"என்னா பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

முதல் இரண்டு நாள் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், மாவு கீவு ஒட்டியிருக்கிறதோ என்று. மூன்றாம் நாள் துடைக்கவில்லை.

ஒருநாள் குமரேசன் கொஞ்சம் முன்னால் குனிந்தார். "இது எப்ப வந்துது?"

"எது?"

"காதுக்குக் கீழ. மச்சம்."

அருணாதேவி அவரைப் பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. "நான் பொறக்கும்போதே வந்துது. நீங்க இப்பதான் வந்தீங்க."

குமரேசன் அதை மனதுக்குள் பதிந்துகொண்டார்: மச்சம், பழையது, கணக்கில் சேராது.

அடுத்த நாள் அவள் கம்மலை மாற்றியிருந்தாள். தொங்கட்டானைக் கழற்றிவிட்டுச் சின்னத் தோடு. மச்சம் நன்றாகத் தெரிந்தது. சமையலறை வாசலிலேயே நின்று டீ குடிக்கிறவள், இப்போது தன் டம்ளரையும் எடுத்துக்கொண்டு வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். காலை வெளிச்சம் அவள் ஒரு கன்னத்தில் விழுந்தது. நல்லதாகப் போயிற்று என்று குமரேசன் நினைத்தார். சாம்பிளுக்கு வெளிச்சம் முக்கியம்.

இட்லியே ஓடிக்கொண்டிருந்த வீட்டில் கேழ்வரகு அடை வந்தது. அவருக்குப் பிடித்த கத்திரிக்காய் கொத்சு வந்தது. வேலை செய்யும்போது அவள் மெல்ல முணுமுணுத்துப் பாடினாள். எதிர்வீட்டு அன்புச்செல்வி காம்பவுண்டுக்கு மேலே எட்டி, "என்னக்கா, எதாவது விசேஷமா?" என்று கேட்டதற்கு, "போடி, உனக்கு வேற வேலையில்ல" என்றாள். அந்தப் 'போடி'யில் கோபம் கொஞ்சம்கூட இல்லை.

இவ்வளவையும் குமரேசன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வெறும் தண்ணீரைப் பூசிக்கொண்டு ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷமாக இருக்கமுடியும் என்றால், டோனர் கம்பெனிக்காரன் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் என்று வியந்தார்.

"அந்த டானிக்கு எப்படி இருக்குது?" என்று ஒருநாள் எதுவும் தெரியாதவர்போலக் கேட்டார். டோனர் என்ற வார்த்தையை அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

"முன்னெல்லாம் ஒண்ணும் தெரியல. இப்பதாங்க நல்லா இருக்குது. பூசினா ஜிலுஜிலுன்னு ஏறுது. மூஞ்சிக்கே மூச்சு விட்டாப்புல இருக்குது."

குமரேசன் சட்டென்று எழுந்து பாத்ரூமுக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தார்.

ஒரு வாரத்தில் விஷயத்தை உடைப்பதாகத்தான் ஏற்பாடு. பாட்டில் காலியானபோது, அதே பெரிய பாட்டிலிலிருந்து மறுபடி நிரப்பினார். சாட்சியம் இன்னும் பலமாக இருக்கட்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிறகு இன்னொரு வாரம். நிரூபிக்க வேண்டியது எல்லாம் நிரூபித்தாகிவிட்டது, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனாலும் காலையில் பேப்பரை மடித்து வைக்கிற கை தானாகவே மடித்துவைத்தது. அவள் நாற்காலியில் வந்து உட்காரக் கொஞ்சம் தாமதமானால் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். இதை அவர் சாட்சியத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை.

பௌர்ணமி வந்தது. கிரிவலத்துக்காகக் கவிநிலா சென்னையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். சாயங்காலம் கடையில் கூட்டம் நெரியும் என்பதால், வைத்துவிட்டுப்போன சாமான்களை எடுத்துக்கொண்டு போக மத்தியானமே சந்திரம்மாளும் வந்துவிட்டாள். நாலுபேரும் ஹாலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அருணாதேவி உட்கார்ந்தும் உட்காராமலும் பரிமாறினாள்.

கவிநிலா சாம்பாரை ஊற்றிக்கொண்டே அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, மூஞ்சிக்கு என்னம்மா பண்ற? பளிச்சுனு இருக்க!"

"நானும் வந்ததுலேர்ந்து பாக்கறேன்," என்றாள் சந்திரம்மாள். "களை வந்துட்டுது. என்னாடி அருணா, ரகசியம்?"

அருணாதேவி பொரியல் கரண்டியைப் பாத்திரத்துக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றினாள். "எழிலுகிட்ட வாங்கின டோனருதான் அண்ணி. வேற ஒண்ணுமில்ல." பிறகு குமரேசன் பக்கம் கண்ணைத் திருப்பாமலே, குரலை மட்டும் இறக்கி, மகளிடம் சொன்னாள்: "உங்கப்பாவைக் கேளேன். தெனம் அவருதான் பாக்கறாரு."

வேறு ஒரு புருஷன் என்றால் அந்தக் குரலுக்குக் கொஞ்சம் கூச்சப்பட்டிருப்பான். இல்லையென்றால், இன்னொரு அப்பளம் கேட்டிருப்பான். குமரேசனுக்கோ ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள், முடிவை அறிவிக்கச் சொல்கிறார்கள் என்று மட்டும் கேட்டது. சாப்பிட்ட கையை உயர்த்தினார்.

"கேட்டுட்ட இல்ல, சொல்றேன். அந்த பாட்டில்ல டோனரே கிடையாது."

"என்னாது?"

"அதை எடுத்து எப்பவோ வாஷ்பேசின்ல ஊத்திட்டேன். உங்கம்மா இத்தினி நாளா பூசினு இருந்ததெல்லாம் வெறும் தண்ணி. நம்ம ஃபிரிட்ஜுத் தண்ணி! ஜிலுஜிலுன்னு ஏறுதாம், மூஞ்சிக்கு மூச்சு விடுதாம். தண்ணிக்கு! நீங்க ரெண்டு பேரு வேற பளிச்சுனு இருக்குது, களை வந்துட்டுதுன்னு. இப்ப சொல்லுங்க, டோனரு தேவையா?"

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அருணாதேவியின் கரண்டி நின்றுவிட்டிருந்தது.

முதலில் பேசியது சந்திரம்மாள். "எந்த தண்ணிடா?"

"ஃபிரிட்ஜுல இருந்த தண்ணிதான்க்கா."

"அதான் எந்த பாட்டிலுன்னு கேக்கறேன்."

"பின்னாடி பெருசா ஒண்ணு இருந்துதே, லேபிளு இல்லாம. அது."

சந்திரம்மாள் சோற்றுக்கையோடு எழுந்தாள். இடது கையால் ஃபிரிட்ஜைத் திறந்து, பாத்திரங்களைக் கடகடவென்று நகர்த்தி, அந்தப் பாட்டிலை வெளியே இழுத்தாள். அடியில் இரண்டு விரல் அளவு மிச்சமிருந்தது.

"அடப்பாவி! எங்க மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத் தீர்த்தம்டா இது!"

குமரேசனின் கை இலைக்கு மேலே நின்றது.

"யாகசாலையில வச்ச கலசத் தண்ணி. ஏலக்கா, கிராம்பு, பச்சைக் கற்பூரம் எல்லாம் போட்டு, ஐயருங்க நாளெல்லாம் உக்காந்து மந்திரம் ஓதுனது. பையன் நெலத்துல போர் போடற எடத்துல தெளிக்கணும்னு, அடிச்சுப் புடிச்சு வாங்கியாந்து துணியில வடிகட்டி வச்சிருந்தேன். இதையாடா எடுத்து ஊத்தின? வாசனைகூடவா வரல உன் மூக்குக்கு?"

"எனக்கு எங்கக்கா வாசனை..."

"பச்சைக் கற்பூரமா?" என்று கவிநிலா நிமிர்ந்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்திருந்தது. "அப்பா, அதான்பா ஜில்லுனு இருந்திருக்கு. கற்பூரம் போட்டே டோனர் விக்கறாங்க. நீங்க ஒரு டோனரைக் கீழ கொட்டிட்டு இன்னொரு டோனரை ஊத்தியிருக்கீங்க. டெஸ்ட்டு அவுட்டு."

"அவுட்டெல்லாம் ஒண்ணுமில்ல. எந்த கற்பூரத்தைப் போட்டாலும் தண்ணி தண்ணிதான்!"

"எதுடா தண்ணி?" சந்திரம்மாள் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஆத்தா தீர்த்தம் உனக்குத் தண்ணியா?"

"நான் தீர்த்தத்தைச் சொல்லலக்கா."

"பின்ன எதைச் சொன்ன?"

"டோனரை..."

"டோனருதான் அதுல இல்லன்னு நீதானே இப்ப சொன்ன?"

கம்பெனிக்காரன், பார்லர்க்காரி, படித்த மகள், எல்லாரையும் ஒரே நேரத்தில் சமாளிக்கக்கூடிய குமரேசன், மாரியம்மனும் அக்காவும் சேர்ந்து எதிரே நிற்பதை எதிர்பார்க்கவில்லை. அதில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் சாமிக் குற்றம். ஏதோ இருக்கிறது என்றால் டோனர் ஜெயித்தது. குழம்புச் சோற்றைப் பிசைந்தார். அது ஏற்கெனவே நன்றாகப் பிசைந்துதான் இருந்தது.

சந்திரம்மாள் அருணாதேவியிடம் போய், அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "அதானே பாத்தேன், இந்தக் களை எங்கேர்ந்து வந்துதுன்னு. ஆத்தா எறங்கி நிக்கறா முகத்துல. என்னா பாக்கியம்டி உனக்கு!" திரும்பி, "என் புள்ள போர்ல தண்ணி வரல, அப்புறம் இருக்குது உனக்கு" என்று தம்பியையும் ஒரு பிடி பிடித்தாள்.

அருணாதேவி தாடையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "மோரு ஊத்தட்டுமா அண்ணி?" என்றாள். எல்லாருக்கும் மோர் ஊற்றினாள். குமரேசனுக்கும் ஊற்றினாள். கவிநிலா சிரித்து முடித்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்து, "சும்மா விளையாட்டுக்குப் பண்ணியிருக்காரும்மா" என்றாள். "தெரியுது" என்றாள் அவள்.

வெயில் கொஞ்சம் தாழ்ந்ததும் சந்திரம்மாளும் கவிநிலாவும் ஷேர் ஆட்டோ பிடித்துக் கிளம்பினார்கள். கடையில் அத்தைக்கு ஒத்தாசை செய்துவிட்டு, அங்கிருந்தே கவிநிலா மலை சுற்றப் போவாள். மிச்சத் தீர்த்தத்தைச் சந்திரம்மாள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், யாராவது பிடுங்கிக்கொண்டு போய் முகத்தில் பூசிவிடுவார்கள் என்பதுபோல.

குமரேசன் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அருணாதேவி படுக்கையறையில், கட்டிலில் குவித்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்றார். ஒரு தோல்வியோடு அன்றைய பொழுதை முடிக்க அவரால் முடியாது.

"அவங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு சொல்லட்டும். நீ படிச்சவ, நீயே சொல்லு. டோனரு பூசின, மாத்தம் இல்ல. அதை எடுத்துட்டு வேற ஒண்ணு பூசின, அப்பவும் மாத்தம் இல்ல. தெனம் காலையில பாத்தவன் நான். நெத்தி, கன்னம், மூக்கு, ஒரு எடம் விடல. மொத நாளு எப்படி இருந்துதோ அப்படியேதான் இருக்குது உன் மூஞ்சி. அப்ப எதைப் பூசினாலும் தண்ணிதானே?"

அருணாதேவி ஒரு துண்டை நான்காக மடித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"நீங்க சொன்னது சரிதாங்க," என்றாள்.

குமரேசனுக்கு அது தெளிவாகக் காதில் விழுந்தது. அவ்வளவு நாள் கழித்து, முழுசாக, 'தான்' சேர்த்து வந்திருந்தது. என்னவோ தெரியவில்லை, பஸ் போனபிறகு கிடைத்த டிக்கெட்போல அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார். கோபித்துக்கொண்டால் தேவலை. பாட்டிலுக்குக் காசு கேட்டால்கூடத் தேவலை.

அவள் துணியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அதே முகம்தான். நெற்றி, கன்னம், மூக்கு எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் இப்போது அதைப் பார்ப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா? தெனம் காலையில பேப்பரை மடிச்சு வச்சுட்டு என்னையே பாத்துனு இருந்தீங்க இல்ல?"

"ஆமா."

"அது இதுக்குத்தானா?"

கேள்வி சின்னதுதான். 'ஆமாம்' என்பது உண்மை. ஆரம்பித்த அன்றைக்கு அதுதான் முழு உண்மை. 'இல்லை' என்றால் பொய். நடுவில் இன்னொரு பதில் இருந்தது. முதல் வாரத்துக்கு அப்புறம் எதற்காகப் பேப்பரை மடித்துவைத்தார் என்பது. அது அவர் வாய்வரை வந்தது. ஆனால் அதற்கு லேபிள் இல்லை. நிரூபிக்க முடியாத எதையும் வாழ்நாளில் சொல்லிப் பழகாத மனிதர், திறந்த வாயைத் திறந்தபடியே நின்றார்.

தெருவில் கிரிவலத்துக்குப் போகிறவர்களின் பேச்சும், எங்கோ ஒரு பஸ்ஸின் ஹாரனும் கேட்டன. அருணாதேவி மடித்த துணிகளை இரண்டு அடுக்காகப் பிரித்தாள். அவருடைய சட்டைகளையும் வேட்டிகளையும் கட்டிலிலேயே விட்டுவிட்டு, தன்னுடையதை மட்டும் மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டாள். வாசற்படியில் நின்றவரை உரசாமல், ஒதுங்கி, அறையைவிட்டு வெளியே போனாள்.